தானே திறந்த பக்கம்

மக்கா ஜெபராஜே,

முதலில் நம் பிள்ளைகளின் விசேஷத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் எனக்கு எழுத்து ஓடாது. உன் அக்காளின் மூத்தவள் ஜெனிஷா, காரக்கோணத்தில் நர்சிங் முடித்தவள், ஜெர்மனிக்காரன் பாஷையில் பரீட்சை எழுதி எல்லாவற்றிலும் ஜெயித்து ஜூன் மாசம் விமானம் ஏறிவிட்டாள். நாலு வருஷம் என் கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் கிடந்து படித்த பிள்ளையாக்கும். அவள் தம்பி ஜோயல் பெங்களூரில் கம்ப்யூட்டர் படிக்கிறான். படிப்பு முடியும் முன்னாலேயே கம்பெனிக்காரர்கள் வந்து அவனைக் கொத்திக்கொண்டு போய்விட்டார்கள். உன் மகள் மெர்லின் மஸ்கட்டில் எத்தனையோ பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நடுவில் நின்று இங்கிலீஷில் பேசி முதல் பரிசு வாங்கியிருக்கிறாள். அந்த வீடியோவை மூன்று தரம் பார்த்தேன். ஒரு வார்த்தை விளங்கவில்லை. ஆனால் கையை நீட்டிப் பேசுகிற தோரணை உன் அம்மாவுடையது, வேறு யாருடையதும் இல்லை. பிறகு நீ. வெல்டிங் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு போனவன், இன்றைக்கு நாற்பத்திரண்டு பேருக்குப் போர்மேன்.

இத்தனையும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் நடையில் நின்று வருகிறவர் போகிறவரிடம் சொல்லுவேன். பக்கத்து வீட்டு ரெஜினா என் முந்தானையைப் பிடித்து இழுப்பாள். "அம்மச்சி, இது போன வாரமும் சொன்னதல்லா?" "போன வாரம் கேட்டவ வேற, இந்த வாரம் கேக்கவ வேற. நீ பைய நடந்து போ பிள்ளே" என்பேன். சொல்லிமுடித்து வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், சொன்ன பிள்ளைகளில் ஒன்றுகூட உள்ளே இல்லை. நம் ஊர் கேரளத்தில் அல்லவா, காஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்ய போன் பண்ணினால் ஒரு பெண்பிள்ளை மலையாளத்தில் நமஸ்காரம் சொல்லும். அது மெஷின் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நானும் நமஸ்காரம் சொல்லிவிட்டுத்தான் நம்பரை அமுக்குகிறேன்.

அது கிடக்கட்டும். போன ஞாயிறு நீ போனில் சொன்ன காரியத்துக்கு வருகிறேன்.

"அம்மா, கம்பெனிக்கு வேலை கொறஞ்சு போச்சு. எனக்க ஆளுகள்ல பதினொண்ணு பேரை நாட்டுக்கு அனுப்பணுமாம். யாரு யாருண்ணு நான் எழுதிக் குடுக்கணும்."

"நீயா எழுதணும்?"

"போர்மேன் நானல்லா. பின்ன யாரு? அடுத்த மாசக் கடைசி வரைக்கும் சமயம் உண்டு. பழைய ஆளுகள அனுப்பவா, புதுசா வந்தவனுகள அனுப்பவாண்ணு ஒரு பிடியும் கிட்டல்ல. அண்ணைக்கு எனக்குத் திறந்து பாத்தியல்லா, அதுபோல வேதப்புஸ்தகத்த ஒருக்கா திறந்து பாரு அம்மா. தெய்வம் எந்தப் பக்கம் காட்டுதோ அந்தப் பக்கம் நான் எழுதிக் குடுத்திருவேன். எனக்கக் கையால எழுதினாலும் எனக்கத் தீர்மானம் இல்லேண்ணு ஒரு சமாதானம் இருக்கும்."

"அடுப்புல கறி கரியுது மக்கா, பின்ன பேசலாம்" என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. ஒராளுக்கான சமையல் காலை ஏழு மணிக்கே முடிந்துவிடும். உனக்குப் பதில் சொல்லுமுன் ஒன்றை ஏற்றுச் சொல்ல வேண்டியிருந்தது. அது போனில் என் வாயில் வராது. அதனால் எழுதுகிறேன். அஞ்சாம் கிளாஸ் படித்தவளின் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நம் பிள்ளைகள் மலையாளமும் இங்கிலீஷும் படித்தவர்கள், இதை அவர்களால் வாசிக்க முடியாது. உன்னை மடியில் வைத்துத் தமிழ் எழுத்து சொல்லித் தந்தது நானல்லவா, நீ வாசித்துவிடுவாய். இதன் நகல் ஒன்றை நம் சபைப் பெண்கள் சங்கத்திலும் வாசிக்கக் கொடுக்கப் போகிறேன். ஏன் என்று கடைசியில் உனக்கே விளங்கும்.

வசனம் எடுப்பது நம் வீட்டில் எப்போதும் உண்டு. என் அம்மை செய்தாள், நானும் செய்தேன். ஒரு காரியத்தில் வழி தெரியாவிட்டால் ஜெபித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு புஸ்தகத்தைத் திறப்பது, விரல் விழுந்த இடத்தில் உள்ளதைத் தெய்வத்தின் பதிலாக எடுத்துக்கொள்வது. உன் அப்பாவுக்கு அது பிடிக்காது. ஒரு தரம் ஆடு வாங்குவதற்கு நான் வசனம் எடுத்தேன். இன்னார் இன்னாரைப் பெற்றான் என்று போகுமே, அந்த வம்ச வரலாற்றில் விரல் விழுந்தது. நான் திகைத்து இருக்கிறேன், உன் அப்பா ரப்பர் பால் வெட்டப் போகக் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார்: "எட்டீ, ஆடு நல்லோணம் பெறும்ணு தெய்வம் சொல்லுது. வாங்கு, வாங்கு. அவருக்கும் வேற சோலி வேண்டாமா?" நான் ஒரு நாள் முழுக்க அவரோடு பேசவில்லை. ஆட்டை வாங்கினோம். அது பெறவே இல்லை.

உனக்கு இருபத்திநாலு வயசு. வெல்டிங் படித்து முடித்து, பாறசாலை ஜங்ஷனில் ஒரு சின்ன இடம் பார்த்து வைத்திருந்தாய். இரும்பு கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற கடை போடுவதாகச் சொன்னாய். உன் அப்பா அந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "முன்னால ஒரு தகரம் நீட்டினா மழைக்கு நல்லதாக்கும்" என்றார். அவர் சந்தோஷப்பட்டால் அப்படித்தான், ஒரு குறையைச் சொல்லுவார். அந்த வாரம்தான், முன்னமே சொல்லி வைத்திருந்த மஸ்கட் விசா வந்தது. நீ இரண்டு மனசாக இருந்தாய். நானோ ஒரே மனசாக இருந்தேன். கோயிலில் எனக்கு முன் பெஞ்சில் இருக்கிறவளின் மகன் துபாயில், பின் பெஞ்சில் இருக்கிறவளின் மகன் குவைத்தில். நடுவில் இருந்து "என் மகன் ஜங்ஷனில் ஜன்னல் கம்பி வளைக்கிறான்" என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. இதை இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது, ஆனால் உள்ளது அதுதான்.

"வாதம் வேண்டாம், தெய்வத்திடம் கேட்போம்" என்றேன். விடிந்ததும் மூன்று பேரும் முழங்கால் போட்டோம். நான் கண்ணை மூடிக்கொண்டு திறந்தேன். ஆபிரகாமைத் தெய்வம் கூப்பிட்ட இடம். தேசத்தை விடு, இனத்தை விடு, தகப்பன் வீட்டை விடு, நான் காட்டுகிற இடத்துக்குப் போ என்று சொன்ன இடம். நீ அழுதாய். நானும் அழுதேன். இருபது நாளில் நீ போய்விட்டாய்.

மக்கா, அந்தப் பக்கம் தானே திறக்கவில்லை. மூன்று மாசமாக நான் அந்தப் பக்கத்தை வைத்துத்தான் ஜெபித்துக்கொண்டிருந்தேன். குருத்தோலை ஞாயிற்றுக்குக் கிடைத்த ஓலைச் சிலுவையை அங்கேதான் சொருகியிருந்தேன். புஸ்தகத்தின் முதுகு அந்த இடத்தில் உடைந்து, யார் தொட்டாலும் அங்கே விழுகிற நிலையில் இருந்தது. ஆதியாகமம் புஸ்தகத்தின் தொடக்கத்தில் கிடக்கிறது. கண்ணை மூடித் திறக்கிறவளுக்கு நடுவில் உள்ள சங்கீதமல்லவா வர வேண்டும்? நான் பெருவிரலை முன்பக்கம் வைத்தேன். தெரியாமல் செய்தேன் என்று என்னையே நம்பவைக்கப் பார்த்தேன். ஆனால் முந்தின நாள் சாயங்காலம் அந்த ஓலையை எடுத்து மாற்றினது யார்? நான். நீ கண்டுவிடக் கூடாது என்றுதானே எடுத்தேன்.

உன் அப்பா கண்டுவிட்டார். நீ மெடிக்கல் செக்கப்புக்குப் போன நேரம் அடுக்களை வாசலில் வந்து நின்று, "உனக்கப் பெருவிரலுக்கு நல்ல வேத ஞானமாக்கும்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு செத்துப்போகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் சண்டை போட்டு நான் ஜெயித்திருப்பேன். அவர் பேசாததுதான் இன்றுவரை எனக்குப் பாரம். நானோ அடுத்த வாரமே பெண்கள் சங்கத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். என் மகனுக்குத் தெய்வமே பக்கத்தைத் திறந்து காட்டினார் என்றேன். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். அந்த வருஷமே என்னைச் சங்கத்துக்குத் தலைவியாக்கினார்கள்.

ஆறு வருஷம் கழித்து அப்பா போனார். நீ வரும்வரை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ஐஸில் வைத்திருந்தோம். கல்லறையில் மண் போட்டு முடிந்ததும் நீ என் தோளில் சாய்ந்து, "கூட இருக்கணும்ணு ஆசைதான் அம்மா, தெய்வம் அங்கோட்டு அனுப்பினாரு, என்ன செய்ய" என்றாய். நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டம்தான் மக்கா, பெருவிரல் செய்ததைவிடப் பெரிய பொய்.

மோசேயின் அண்ணன் ஆரோனின் கதை உனக்குத் தெரியும். மோசே மலையில் இருக்கும்போது ஜனங்கள் நெருக்கினார்கள், இவன் பொன்னை வாங்கி உருக்கிக் கன்றுக்குட்டி செய்து கொடுத்தான். மோசே இறங்கி வந்து கேட்டபோது என்ன சொன்னான்? பொன்னைத் தீயில் போட்டேன், இந்தக் கன்றுக்குட்டி வெளியே வந்தது என்றான். சின்ன வயசில் ஞாயிறு பள்ளியில் கேட்டு நாங்கள் எல்லாரும் சிரிப்போம், தானே வெளியே வந்ததாம் என்று. நானும் அதைத்தான் சொன்னேன். புஸ்தகத்தைத் திறந்தேன், வசனம் வந்தது. தலைவராக இருக்கிறவர்களுக்கு வருகிற பெரிய ஆசை அதிகாரம் இல்லை, கேட்டியா? பதினோரு வருஷம் தலைவியாக இருந்து நான் கண்டது இது: தீர்மானம் நம்முடையதாகவும், பழி வேறு யாருடையதாகவோ இருக்க வேண்டும் என்கிற ஆசை. இயேசுவைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்துவிட்டுப் பிலாத்து கையைக் கழுவினான். தண்ணீர் கைக்குப் பட்டது, தீர்மானத்துக்குப் படவில்லை.

இன்னொன்றையும் சொல்லுகிறேன். நம் பெண்கள் சோறு வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொண்டு கொட்டுவார்கள் அல்லவா, இல்லாத வீடுகளுக்குக் கொடுக்க. அந்த அரிசிப் பெட்டியின் சாவி எங்கள் சங்கத்துத் தங்கபாயிடம் இருந்தது. ஒரு நாள் ஒருத்தி என் அடுக்களைக்கு வந்து, தங்கபாய் சாயங்காலம் அரிசியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகிறாள், நான் என் கண்ணால் கண்டேன் என்றாள். முதலில் வந்து சொல்லுகிறவர் பேச்சு எப்போதும் நேராகத்தான் தோன்றும். மறு ஆள் வந்து நின்றால்தான் வளைவு தெரியும் என்று சாலொமோன் ராஜா சொல்லியிருக்கிறார். அதை நான் மனப்பாடமாக ஒப்புவித்துப் பரிசு வாங்கியவள். வாங்கி என்ன? அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும், "தங்கபாயி, சாவிய இங்க வச்சிரு" என்றேன். அவள் மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. இல்லாதவர் பட்டியலில் பேர் எழுதக் கூச்சப்பட்ட ஒரு வீடு உண்டு, ஒரு காலத்தில் நன்றாக வாழ்ந்த வீடு. அவர்களுக்குத்தான் இவள் தன் வீட்டு வழியாக, யாருக்கும் தெரியாமல் கொண்டு கொடுத்திருக்கிறாள். நான் அவள் வீட்டுக்குப் போனேன். சாயா போட்டுத் தந்தாள். "அக்கச்சி, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இப்போது அவள் குளத்தூரில் வேறொரு சபைக்குப் போகிறாள். பஸ்ஸில் கண்டால் தள்ளி இருந்து இடம் தருவாள். பேச மாட்டாள். எனக்கு வாய்விட்டுப் பேசிச் சிரிக்க இருந்த ஒரே சினேகிதி அவள்தான் மக்கா.

சாலொமோன் ராஜாவானதும் தெய்வம் என்ன வேண்டும் என்று கேட்டார். அவர் ஆயுசு கேட்கவில்லை, ஐசுவரியம் கேட்கவில்லை. ஜனங்களை நியாயம் விசாரிக்க, காது கொடுத்துக் கேட்கிற மனசு கேட்டார். நான் இத்தனை வருஷமும் அதைத் தெய்வம் பேசுவதைக் கேட்கிற மனசு என்று மட்டும் நினைத்திருந்தேன். அதற்கு அடுத்த கதையைப் பார். ஒரு பிள்ளைக்கு இரண்டு தாய்மார் வந்து நின்றார்கள். அவர் எந்தப் புஸ்தகத்தையும் திறக்கவில்லை. இவள் சொன்னதைக் கேட்டார், அவள் சொன்னதைக் கேட்டார், இரண்டு பேர் சொன்னதையும் தன் வாயால் திருப்பிச் சொன்னார். பிறகுதான் பிள்ளையை வெட்டிப் பங்கிட வாளைக் கொண்டுவரச் சொன்னார். வாள் முதலில் வரவில்லை, பார்த்தாயா?

மோசேயும் பெரிய போர்மேன்தான். காலை தொடங்கிச் சாயங்காலம்வரை ஒராளாக இருந்து எல்லாருடைய வழக்கையும் கேட்டுக்கொண்டிருந்தார். மாமனார் வந்து ஒரு நாள் பார்த்துவிட்டு, நீ செய்கிறது நல்லதல்ல, நீயும் தளர்ந்துபோவாய், ஜனங்களும் தளர்ந்துபோவார்கள், உண்மையுள்ள ஆட்களைத் தெரிந்துகொண்டு அவர்களோடு பங்கிட்டுக்கொள் என்றார். அவர் மாமனார், அதனால் சொல்ல முடிந்தது. உனக்கு அங்கே அப்படி யார் உண்டு? உன் ஆட்களில் மற்றவர்கள் மதிக்கிற மூத்தவன் ஒருவன் இருப்பான், உன் முகத்துக்கு நேரே உன்னைக் குறை சொல்லுகிறவன் ஒருவன் இருப்பான். அந்த இரண்டு பேரையும் கூட்டி இருந்து பேசு. உன்னைப் புகழுகிறவனைக் கூட்டாதே. பழையவன், புதியவன் என்று கணக்குப் பார்த்து எழுதினால் எளிதுதான். ஆனால் பழையவன் என்று ஒருவனுக்குப் பேர் கிடையாது, புதியவன் என்றும் ஒருவனுக்குப் பேர் கிடையாது. ஊருக்குப் போக ஆசைப்பட்டுக்கொண்டு வெட்கத்தில் சொல்லாமல் இருக்கிறவனும் அந்தக் கூட்டத்தில் இருப்பான். கேட்டால்தானே தெரியும்? இப்போது போனால் வீடே விழுந்துவிடும் என்கிறவனும் இருப்பான். அவனும் கேட்காமல் சொல்ல மாட்டான்.

இனி எழுதுவதுதான் கஷ்டம். நீ போன் செய்த மறுநாள் காலை நான் அந்தப் பழைய புஸ்தகத்தை எடுத்தேன். உனக்குப் பதில் சொல்ல எடுத்தேன் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆதியாகமத்தில் இன்னொரு இடம் உண்டு. யாக்கோபு இருபது வருஷம் அன்னிய இடத்தில் மாமனாரிடம் வேலை செய்த பிறகு, உன் தகப்பன்மார் தேசத்துக்கு, உன் இனத்தார் இடத்துக்குத் திரும்பிப் போ என்று தெய்வம் சொல்லுகிற இடம். அந்தப் பக்கத்தை நான் தேடி எடுத்தேன். விரலை வைத்துக்கொண்டு இருந்தேன். போனை எடுத்து, மக்கா, இதுதான் வந்தது, பட்டியலில் உன் பேரையும் எழுதிவிட்டு வா என்று ஒரு வார்த்தை சொன்னால் நீ வந்துவிடுவாய். நீ அப்படிப்பட்ட பிள்ளை. எதிர்க்கேள்வி கேட்க மாட்டாய். உன் பெண்டாட்டியின் வேலை, மெர்லினின் படிப்பு, எல்லாவற்றையும் மடக்கிக் கட்டிக்கொண்டு வருவாய். இந்த வீட்டில் இரண்டாவது ஒரு தட்டு வைக்கலாம். வாசலில் செருப்பு கிடக்கும்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. மீன்காரி வெளியே நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். பிறகு புஸ்தகத்தை மூடினேன். உன் அப்பாவின் பேச்சு காதில் கேட்டதனால் மூடினேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். அது இல்லை. ஒரு பிள்ளையை இரண்டு தரம் ஏமாற்ற எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

அதனால் நான் உனக்கு வசனம் எடுத்துத் தர மாட்டேன், இனி எப்போதும். நீ ஜெபம் பண்ணாமல் தீர்மானம் எடுக்கச் சொல்லவில்லை. ஜெபம் பண்ணு, நிறையப் பண்ணு. ஆனால் எழுந்திருந்த பிறகு பேனாவைப் பிடிக்கிறது நீ என்பதை மறக்காதே. பதினொரு பேரிடமும் நேரே நின்று, நான்தான் எழுதினேன், இன்ன காரணம் என்று சொல்லு. தெய்வம் சொன்னார் என்று சொன்னால் அவன் யாரிடம் போய்ச் சண்டை போடுவான்? நீ என்னோடு சண்டை போட இருபது வருஷமாக வழியில்லாமல் போனது அதனால்தான். இனி போடலாம். போன் செய்து திட்டினாலும் நான் கறி கரிகிறது என்று சொல்ல மாட்டேன். நீ திரும்பி வருவதா அங்கேயே இருப்பதா என்பதை நீயும் உன் பெண்டாட்டியும் பேசித் தீர்மானியுங்கள். என்னைக் கேட்டால் என் ஆசையை என் பேரில் சொல்லுவேன், தெய்வத்தின் பேரில் சொல்ல மாட்டேன். என் ஆசை, நீ வர வேண்டும் என்பது. அது வெறும் ஆசை. அதற்கு வசனம் ஒன்றும் இல்லை.

அன்றைக்குச் சாட்சி சொன்ன அதே இடத்தில் வரும் செவ்வாய்க்கிழமை இந்த நகலை வாசிக்கப் போகிறேன். ரெஜினாவிடம் சொன்னேன். "அம்மச்சி, இது வேணுமா, எல்லாரும் மறந்து போச்சல்லா" என்றாள். "அவங்க மறக்கட்டும் பிள்ளே, எனக்கு மறக்கல்ல" என்றேன். அன்றைக்குத் தங்கபாயையும் வரச் சொல்லி ஆள் விட்டிருக்கிறேன். வருவாளோ மாட்டாளோ.

நீ எனக்கு ஒன்று செய். பட்டியலை எழுதுமுன் உன் ஆட்கள் நாற்பத்திரண்டு பேரையும் ஒருமிச்சு நிறுத்தி ஒரு படம் எடு. போனில் அனுப்பாதே, போனில் முகம் நெல்மணி அளவுக்குத்தான் தெரிகிறது, கை பட்டால் ஓடிப்போகிறது. கடையில் கொடுத்துக் காகிதத்தில் எடு. படத்தின் பின்னால் ஒவ்வொருவன் பேரும், ஊரும், அவன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதும் உன் கையால் எழுது. உனக்குத் தெரியாதது நிறைய இருக்கும். அவனவனைக் கூப்பிட்டு இருத்திக் கேட்டு எழுது, எனக்குப் பேர் சொல்லி ஜெபிக்க வேண்டும். பதினொரு பேர் போன பிறகு எடுத்தால் அது எனக்கு வேண்டாம். நீயும் அந்தப் படத்தில் நில்லு. நாற்காலி போட்டு நடுவில் இருக்காதே, அவர்களோடு நில்லு, நான் கண்டுபிடித்துக்கொள்வேன். தலைக்கு மை பூசாதே, நரைத்திருந்தால் நரைத்தபடியே வரட்டும், நான் பார்த்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. ஒரு அட்டை வைத்து, மடங்காமல், தபாலில் போடு.

அம்மா